மாமா திருத்த வந்த றேடியோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன் பிறகு பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுத்ததைத் தவிர நான் பேனை பிடித்ததில்லை. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பல விசயங்கள் மறந்தும் போய்விட்டன. எங்கள் நெடுந்தீவின் பழைய ஞாபகங்களைச் சேர்த்துப் புத்தகமாக்கப் போகிறோம், நீங்களும் ஒரு சின்ன வயதுக் கதை எழுதுங்கோ என்று பள்ளிக்கூடத்து ரீச்சர் கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. பகிடியான கதை ஏதாவது என்றாலும் காணும் என்றார்.

பகிடியாகத்தான் தொடங்க நினைத்தேன். எங்கள் வீட்டு றேடியோவை மாமா திருத்த வந்த கதை. அதைப் பகிடி என்றுதான் நானும் இவ்வளவு காலமும் வைத்திருந்தேன், நல்லநாள் பெருநாளில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். ஆனால் அதற்கு முதல் எங்கள் வீட்டு லப்டொப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பழுதாகாமல் இருந்திருந்தால் றேடியோவின் கதை எனக்குக் கடைசிவரை விளங்கியிராது.

நானும் என் தங்கச்சியும் ஒரு வீட்டில் இருக்கிறோம். நான் கலியாணம் செய்யவில்லை. அவளுடைய மனுசன் காலமாகிவிட்டார். அவளுக்கு ஒரே மகன், எனக்குப் பெறாமகன். போன மாரிக்கு முன் அவன் இன்னும் சில பேரோடு படகில் வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். எந்தக் கரையிலிருந்து, எந்த நாட்டுக்கு என்று எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. போகிற அன்று தன்னுடைய பழைய லப்டொப்பை மேசையில் வைத்துத் தாய்க்குப் பழக்கினான். அது அவன் படிக்கிற காலத்தில் யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தது. மூடியின் ஒரு பக்கப் பிணைச்சல் உடைந்து, செப்புக் கம்பியால் கட்டியிருக்கும். எழுத்துக் கட்டைகளில் இரண்டு இல்லை.

"போய்ச் சேந்தவுடனை இதிலைதான் முகம் காட்டுவன் அம்மா. வேறை ஒண்டையும் தொடாதேங்கோ. மூடியைத் திறந்து இந்தப் பொத்தானை அமத்தினால் காணும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

தங்கச்சி ஒவ்வொரு பின்னேரமும் முகம் கழுவி, தலை இழுத்து, நல்ல சட்டையொன்று போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் கதிரையில் இருப்பாள். மகன் தன் முகத்தைக் காட்டினால் இவள் முகமும் அங்கே தெரியுமாம். அதனால்தான் அந்தச் சட்டை. மாரி முடிந்தது. அவன் வரவில்லை. பிறகு ஒரு நாள் லப்டொப்பும் வேலைசெய்யவில்லை. பொத்தானை அமத்தினால் சின்ன விளக்கு எரியும். உள்ளே காத்தாடி சுற்றுகிற சத்தம் கேட்கும். மூன்று தரம் கத்தும். திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். தங்கச்சி அந்தக் கறுப்புக்கு முன்னாலும் சட்டை மாற்றிக்கொண்டு போய் இருந்தாள்.

அந்த நாட்களில்தான் இறங்குதுறையில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவருடைய மருமகனும் அதே படகில் போனவன்.

"அக்கா, படகு கவிண்டிட்டுதாம். கடலிலையிருந்து எடுத்த ஆக்களின்ரை படங்கள் இன்ரநெற்றிலை போட்டிருக்காம். எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் அதைத் திறந்து பாக்கத் துணிவில்லை. உங்கடை பொடியன்ரை லப்டொப் கிடக்குத்தானே, நீங்கள் ஒருக்காப் பாருங்கோவன்," என்றார்.

நான் ஓம் என்றேன். வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். "மீன் வாங்கேல்லையோ?" என்று கேட்டாள். மீன் வாங்கத்தான் போயிருந்தேன். மறந்துபோனேன் என்றேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. லப்டொப்பை எப்படியாவது திருத்திவிட்டால் அது சொல்லிவிடும், நான் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

ஊர்காவற்றுறையில் லப்டொப் திருத்துகிற ஒருவருடைய நம்பர் கிடைத்தது. பிள்ளைகுட்டிக்காரர், பகிடிக்காரர். கடல் கொந்தளிப்பாயிருந்ததால் படகு ஒழுங்காக ஓடவில்லை, கொண்டுபோகவும் ஏலாது. அவர் போனில் சொல்லச் சொல்ல நான் செய்வது என்று முடிவாயிற்று. தங்கச்சி எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"என்ன மாதிரிக் கத்துது அம்மா? நெடுகவோ, விட்டு விட்டோ?"

"விட்டு விட்டு. கோழிக்குஞ்சு மாதிரி."

"அப்ப உயிர் கிடக்கு, பயப்பிடாதேங்கோ. றாம் பிழைச்சுப் போச்சுது போலை."

நான் தங்கச்சியிடம் திரும்பி, "றாம் பிழையாம்," என்றேன்.

"எங்கடை வீட்டிலை ராமர் எங்காலை? அந்தோனியார்தானே நிக்கிறார்," என்றாள் தங்கச்சி. அது போனில் அவருக்கும் கேட்டுவிட்டது. "அப்ப அந்தோனியாரையும் ஒருக்காத் தூசி தட்டி வையுங்கோ அம்மா, உதவியாயிருக்கும்," என்றார் அவர். கனநாளைக்குப் பிறகு தங்கச்சி சிரித்தாள்.

லப்டொப்பைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். அடியில் இரண்டு கொளுக்கிகள். அவற்றைத் தள்ளப் பற்றறி கழன்று வந்தது. பொத்தானைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடிக்கச் சொன்னார், உள்ளே நிற்கிற கரண்ட் போவதற்காம். பிறகு ஒரு சின்ன மூடி. அதன் திருகாணியைக் கத்தி முனையால் கழட்டினேன். உள்ளே பச்சை நிறத்தில், விரல் நீளத்தில் ஒரு தகடு இருந்தது. அதன் ஒரு ஓரம் முழுக்கத் தங்க நிறத்தில் பொடிப் பற்கள். இரண்டு பக்கமும் பிடித்திருந்த கம்பிகளை விலக்க அது தானாக எழும்பி வந்தது. அதுதானாம் றாம்.

"பள்ளிக்கூடப் பிள்ளையள் எழுத்தழிக்கிற றப்பர் கிடக்கோ? அதாலை அந்தப் பல்லுகளை மெல்லமாய்த் தேய்ச்சு விடுங்கோ. உப்புக்காத்துத் திண்டிருக்கும்."

தங்கச்சி எழுந்து போய் அலுமாரிக்குள்ளிருந்து மகனுடைய பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே பாதி தேய்ந்த றப்பர் ஒன்று கிடந்தது. அதன் மூலையில் அவன் கடித்த பல்லடையாளம். நான் பல்லடையாளத்தைத் தவிர்த்து மற்றப் பக்கத்தால் தேய்த்தேன். அவர் போனில் பேசிக்கொண்டே இருந்தார்.

"வடிவாய்த் தேயுங்கோ அம்மா. ஒரு தும்பும் நிக்கக்கூடாது. பற்றறியும் அப்பிடித்தான். பித்தளையிலை முட்டுற இடத்திலை ஒரு கடதாசித் துண்டோ ஓலைத் துண்டோ நிண்டால் காணும், புதுப் பற்றறியெண்டாலும் ஒண்டும் வேலைசெய்யாது. ஆக்கள் சாமானிலை பிழையெண்டு எறிஞ்சுபோட்டுப் போவினம்."

"ஓலைத் துண்டோ?" என்றேன்.

"ஓம். ஓலையெண்டால் என்ன, துணியெண்டால் என்ன. இடையிலை ஒண்டு நிண்டால் அது ஊமைதான்."

என் கை நின்றுவிட்டது. "அம்மா, லைனிலை நிக்கிறியளோ?" என்று அவர் இரண்டு மூன்று தரம் கேட்டது காதில் விழுந்தது. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது லப்டொப் இல்லை. எங்கள் ஐயாவின் றேடியோ.

எங்கள் தகப்பனாரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு எட்டு வயதிருக்கும். ஐயா கடற்தொழிலுக்குப் போகிறவர். சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. எங்கிருந்தோ அந்த றேடியோவை வாங்கி வந்து, தலையில் வைத்துக்கொண்டு இறங்குதுறையிலிருந்து நடந்தே வந்தாராம். தோல் உறை போட்ட சின்ன றேடியோ. எங்கள் பக்கத்தில் வேறு ஒரு வீட்டிலும் இல்லை, பங்குச் சுவாமியார் வீட்டில் மட்டும் பெரிதாய் ஒன்று இருந்தது. எங்களுடையதற்குப் பற்றறி போடுகிற இடம் ஒரு குழாய் மாதிரி. ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளி விட வேண்டும். அடியில் பித்தளையில் ஒரு நாக்கு இருக்கும். அதில் போய் முட்டினால்தான் பேசும். ஐயாவின் விரல்கள் கயிறு இழுத்துத் தடித்தவை, குழாய்க்குள் போகாது. பற்றறி போடுவது எப்போதும் என் வேலை. அதில் எனக்குப் பெரிய பெருமை.

அந்த வருடம் மாரியில் பெரிய புயல் அடித்தது. அது அடித்த அன்று ஐயா இரண்டு பேரோடு கடலில் நின்றார். அம்மாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை, நிறைமாதம். காற்று கூரையைத் தூக்கிய நேரத்தில் அம்மா அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலையை எடுத்தா. குருத்து ஞாயிறன்று கோயிலில் ஆசீர்வதித்துத் தருகிற ஓலை அது. எங்கள் ஆட்கள் அதைச் சிலுவையாய் மடித்து வருடம் முழுக்க வீட்டில் வைத்திருப்பார்கள். இடியும் காற்றும் வந்தால் ஒரு துண்டு கிள்ளி நெருப்பில் போட்டுச் செபம் சொல்வார்கள். அம்மா அன்று ஒவ்வொரு துண்டாகப் போட்டுப் போட்டுச் சிலுவையின் ஒரு கை முழுக்க எரிந்து முடிந்தது. காற்று நின்றபாடில்லை.

புயல் ஓய்ந்தபின் ஒவ்வொரு பின்னேரமும் றேடியோவில் செய்தி முடிய, கரையொதுங்கிய ஆட்களின் பெயர்களை வாசித்தார்கள். முதல் நாள் பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அம்மா மட்டும் உட்காரவில்லை. குசினி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டா. வாசித்ததில் ஐயா இல்லை. பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் அதே நேரத்துக்கு வந்தார்கள். அம்மா றேடியோவைத் திருகினா. சத்தம் இல்லை. "பற்றறி முடிஞ்சுது போலை," என்றா. பெண்கள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, செய்தி நேரம் போகிறது என்று சுவாமியார் வீட்டுப் பக்கம் ஓடினார்கள். அம்மா போகவில்லை. வயிற்றோடு அவ்வளவு தூரம் நடக்க ஏலாது என்று நான் நினைத்தேன்.

அன்று பொழுதுபட மாமா வந்தார். அம்மாவின் தமையன். கல்லுடைத்து வேலி கட்டுகிறவர். கையில் ஒரு குறடு வைத்திருந்தார்.

"றேடியோ பேசேல்லையாமே. நான் ஒருக்காப் பாக்கிறன்," என்றார்.

"வேண்டாம் அண்ணை. கிடக்கட்டும்."

"இல்லை, பாக்கிறன்."

"கல்லுத்தானே உடைக்கிறனீங்கள். றேடியோ எப்ப படிச்சனீங்கள்?" என்றா அம்மா.

வேறு நாளென்றால் மாமா அதற்குத் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார். அவர் வாயும் கொஞ்சம் பெரிய வாய்தான். அன்று குறட்டைக் கீழே வைத்தார். றேடியோவை மடியில் வைத்துப் பின்மூடியைக் கழட்டினார். குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார், போகவில்லை. "பிள்ளை, உன்ரை கைதான் சின்னன். நீ எடு," என்று என்னிடம் தந்தார். தந்துவிட்டு வாசலில் போய் நின்று கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பற்றறிகளைச் சாய்த்து எடுத்தேன். கடைசிப் பற்றறியோடு இன்னொன்றும் என் மடியில் விழுந்தது. நகமளவு ஓலைத் துண்டு. பழுத்த மஞ்சள் நிறம். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அது சாதாரண ஓலை இல்லை, சிலுவையில் கிள்ளிய குருத்தோலை. நான் நிமிர்ந்தேன். அம்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"கீழை போடாதை," என்றா.

பற்றறியைத்தான் சொல்கிறா என்று மாமா நினைத்திருப்பார், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ நன்றாக விளங்கியது. ஆசீர்வதித்த பொருள் நிலத்தில் விழக்கூடாது. ஐயாவுக்குப் பிடித்த றேடியோவுக்குள் அம்மா அதை வைத்திருக்கிறா, ஐயா பத்திரமாக வரவேண்டும் என்பதற்காக. வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் குருத்தோலை கட்டுவதில்லையா, அது மாதிரி. நான் அதை நெற்றியில் ஒற்றி, ஈர்க்கு ஒன்றால் குழாயின் அடிவரைக்கும் தள்ளி, பித்தளை நாக்கின்மேல் சரியாக நிற்கிறதா என்று பார்த்து, அதற்குமேல் பற்றறிகளைப் போட்டேன்.

"போட்டிட்டன் மாமா."

மாமா திருகினார். சத்தம் இல்லை.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு பின்னேரமும் செய்தி நேரத்துக்கு முன் வந்தார். பற்றறியை வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வார்கள். மாமாவும் கல்வேலிமேல் வரிசையாக அடுக்கி, காகம் கொத்தாமல் பக்கத்தில் காவல் இருந்தார். செப்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து ஒரு நுனியை றேடியோவிலும் மற்ற நுனியை முருங்கை மரத்திலும் கட்டினார். கொப்பு முறிந்து அவர் தோளில் விழுந்ததுதான் மிச்சம். றேடியோவின் தலையில் அடித்துப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார். "பேசன், உனக்கென்ன குறைஞ்சு போகுது," என்று அதோடு கதைத்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒவ்வொரு தரமும் பற்றறியை எடுத்தவளும் போட்டவளும் நான்தான். ஒவ்வொரு தரமும் குருத்தோலையை எடுத்து நெற்றியில் ஒற்றி, பழையபடி அடியில் வைத்தேன். ஒரு நாளும் நான் அதைத் தவறவிடவில்லை.

இடையில் இன்னொன்றும் நடந்தது. புயலுக்குப் பிறகு எங்கள் படலையால் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம், "கொப்பர் வந்திட்டாரோ?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்திருந்தது. றேடியோ பேசாமல் போன மறுநாளிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. என்னைக் கண்டால் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். பால் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்காமலே போனார்கள். அதற்குள் ஐயாவை மறந்துவிட்டார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது.

கடைசியாக மாமா கோயில் மூப்பரிடம் போய், அவருடைய ரோச் லைற்றிலிருந்த புதுப் பற்றறிகளை இரவலாக வாங்கி வந்தார். அதையும் நான்தான் போட்டேன். மாமா திருகுவதற்கு முதல் கண்ணை மூடிக்கொண்டார். திருகினார். றேடியோ பேசவில்லை.

"உள்ளுக்கை ஏதோ உப்புக்காத்துத் திண்டிட்டுது," என்று சொல்லி, அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அவ்வளவு பெரிய மனுசன் ஒரு பொருளிடம் தோற்றுப்போய் அப்படி இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. "இது ஒருக்கால் வாய் திறந்தால் காணும் பிள்ளை. ஒரேயொருக்கால். அதுக்குப் பிறகு இதை நான் கடலுக்கை எறிஞ்சுபோட்டு வந்திடுவன்," என்றார்.

நான் அவரை ஆறுதல்படுத்த நினைத்தேன். "விடுங்கோ மாமா. ஐயா வந்து திருத்துவார்," என்றேன்.

மாமா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஐயாவைக் கெட்டிக்காரன் என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் விளங்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு விடியற்காலை தங்கச்சி பிறந்தாள். மருத்துவிச்சி பிள்ளையைத் துடைத்து அம்மாவுக்குப் பக்கத்தில் கிடத்தினா. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனா. மாமா வாசலில் நின்றார். அம்மா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தா. பிறகு தலையணைப் பக்கத்திலிருந்து றேடியோவை எடுத்து நீட்டினா. அது எப்போது அங்கே வந்ததென்று எனக்குத் தெரியாது.

"அண்ணை, இனிப் போடுங்கோ," என்றா.

மாமா வாங்கிய கையோடு நின்றார். அம்மா இன்னொரு தரம் சொன்னா. அவர் திருகினார். திருகின உடனே றேடியோ பேசியது. பெயர்கள் இல்லை, யாரோ பயிர்ச்செய்கையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் கைதட்டினேன். மாமா திருத்திப்போட்டார், மாமா திருத்திப்போட்டார் என்று முற்றத்தைச் சுற்றி ஓடினேன். திரும்பி வந்து பார்த்தபோது றேடியோ நிற்பாட்டியிருந்தது. மாமா நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தார். அம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தா.

"எனக்குத் தெரியும் அண்ணை," என்றா. "குறட்டோடை நீங்கள் வந்த வரத்திலையே தெரியும்."

மாமா றேடியோவைத் திருத்திவிடுவார் என்பது அம்மாவுக்கு முதலே தெரிந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். திருத்தியவர் ஏன் அழ வேண்டும் என்றுதான் விளங்கவில்லை. அன்று பின்னேரம் பற்றறியை எடுத்துப் பார்த்தேன். குருத்தோலை இல்லை. அது தன்னுடைய வேலையைச் செய்து முடித்துவிட்டுப் போய்விட்டது என்று நம்பினேன். தங்கச்சியைக் கொண்டுவந்து தந்தது, றேடியோவையும் பேச வைத்தது. இனி ஐயாவும் வருவார் என்று படலையில் போய் நின்றேன். அங்கே வைத்துத்தான் மூப்பர் என்னைத் தூக்கி, ஐயாவை அடக்கம் செய்த இடம் அக்கரையில் இருக்கிறது, பிறகொரு நாள் கூட்டிப்போவார்கள் என்று சொன்னார்.

ஐயாவின் பெயரை இரண்டாம் நாளே வாசித்துவிட்டார்கள். மாமா அதைச் சுவாமியார் வீட்டில் கேட்டுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். சொல்ல வாய் வரவில்லை. அடுத்தடுத்த நாளும் திரும்ப வாசிப்பார்கள், எங்கள் வீட்டு றேடியோ சொல்லட்டும், தான் சொல்லத் தேவையில்லை என்றுதான் குறட்டோடு வந்திருக்கிறார். இதை மாமா சாகிற காலத்தில் தன் வாயாலேயே சொன்னார். ஆனால் றேடியோ ஏன் பேசவில்லை என்பது அவருக்கும் தெரியாது. கடைசிவரை உப்புக்காற்று என்றுதான் சொன்னார். எனக்கும் அந்தப் போன்வரை தெரியாது. நான்தான் ஒவ்வொரு நாளும் அதை நெற்றியில் ஒற்றி உள்ளே வைத்தவள்.

தங்கச்சிக்கு இந்தக் கதை சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். நீ பிறந்த அன்று றேடியோ தானாகப் பேசியது என்று சொல்லித்தான் அவளுக்குச் சோறு தீத்தியிருக்கிறேன். அவள் கருவாகிக் கிடந்த வயிற்றைக் காப்பாற்றத்தான் அம்மா அதைப் பேசவிடாமல் வைத்தா என்று அவளுக்குத் தெரியாது.

போனை வைத்துவிட்டு நான் அப்படியே இருந்ததைப் பார்த்து, "என்ன அக்கா யோசினை?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை. றேடியோ ஞாபகம் வந்திட்டுது."

"மாமா திருத்தினதோ," என்று சிரித்தாள். நான் பச்சைத் தகட்டை எடுத்தேன். இரண்டு பக்கமும் டிக் என்று கேட்கும்வரை தள்ள வேண்டும் என்று திருத்துகிறவர் முதலே சொல்லியிருந்தார். அதன் பிறகு பற்றறி. அதன் பிறகு பொத்தான். தகட்டை நுனிவிரலால் பிடித்து அதன் இடத்துக்கு நேரே கொண்டுபோனேன்.

"கீழை போடாதை அக்கா," என்றாள் தங்கச்சி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மகனுடைய றப்பரைப் பெட்டிக்குள் வைக்காமல் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள். "இண்டைக்குக் கண் நோகுது. நாளைக்குப் பாப்பம்," என்றாள். நான் தகட்டை லப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் எழுந்து போய்ச் சேலைத் துண்டொன்றைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் சேர்த்து மூடினாள். அதற்குப் பிறகும் சில நாட்கள் போய்விட்டன. துணி அப்படியே கிடக்கிறது. பின்னேரங்களில் அவள் முகம் கழுவித் தலை இழுக்கிறாள், ஆனால் கதிரையை மேசைப் பக்கம் போடுவதில்லை. திருத்துகிறவர் இரண்டு தரம் எடுத்து, "திரை எரிஞ்சுதோ அம்மா?" என்று கேட்டார். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்றேன்.

ரீச்சர், இதில் எங்கெங்கே பிழையென்று எனக்குத் தெரியாது. றேடியோவில் பெயர் வாசித்தது செய்திக்கு முன்னோ பின்னோ என்று பழைய ஆட்கள் யாரிடமாவது கேட்டுச் சரிபாருங்கள். நகமளவு ஓலைக்குக் கரண்ட்டை மறிக்க ஏலுமோ என்று படித்தவர்களிடமும் ஒரு சொல் கேளுங்கள், திருத்துகிறவர் போனில் பகிடிக்குச் சொல்லியிருக்கவும் கூடும். எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்திவிடுங்கள். ஆனால் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க முதல் ஒருக்கால் வீட்டுப் பக்கம் வந்து, மேசையில் துணி எடுத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். எடுக்காமல் கிடந்தால் இதை இந்த முறை போட வேண்டாம். தங்கச்சிக்கு வாசிக்கத் தெரியும்.